கரையேறிய மாதங்கள்

வெள்ளாங்கரையில் அந்த வருடம் உப்பு பதினைந்து நாள் முன்னதாகவே விளைந்துவிட்டது என்பதைத் தவிர, நண்டுகள் வரப்போவதற்கு வேறு எந்த அறிகுறியும் இருக்கவில்லை. அதையும்கூட நண்டுகள் வந்துபோன பிறகுதான் ஊர் ஓர் அறிகுறியாகச் சொல்லத் தொடங்கியது. சித்திரை மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் தன் மருந்துக்கடையைத் திறக்க வந்த பூவலிங்கம், படியிலும் படிக்குக் கீழே சாக்கடை மூடியின் மேலும் தார்ச்சாலையின் ஓரத்திலும் உள்ளங்கை அகலச் சிவப்பு நண்டுகள் நூற்றுக்கணக்கில் கடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கக் கண்டார். மீன்வண்டி எதுவோ சிந்திவிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒன்றையும் மிதித்துவிடாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, ஷட்டரை உயர்த்தி, ஊதுபத்தி கொளுத்தி, நேற்றைய தேதியைக் கிழித்துப்போட்டுவிட்டு நாற்காலியில் அமர்ந்தார்.

அன்று கரையடியம்மன் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி விதை போடும் நாள். ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு மண்சட்டியில் எருவும் வைக்கோலும் பரப்பி ஒன்பது தானியங்களை விதைத்துக் கோயில் பின்கட்டின் இருட்டறையில் வைப்பார்கள். எட்டு நாள் தண்ணீர் தெளித்துக் கும்மி கொட்டுவார்கள். வெயில் படாமல் மஞ்சளாய் வளர்ந்த முளையைக் கொடையன்று தலையில் ஏந்தி வருவார்கள். அந்த எட்டு நாளுக்குள் மாதவிலக்காகித் தூரமானவள் அறைக்குள் நுழையக்கூடாது, நுழைந்தால் பாரி அழுகிவிடும் என்பது கட்டு. ஆகவே சித்திரை பிறந்ததும் நாள் தள்ளிக்கொண்டே போகிற பெண்களுக்கெல்லாம் ஒரு கலக்கம் பிடித்துக்கொள்ளும். வரவேண்டியது வராமல் இருந்துவிட்டுச் சரியாகப் பாரிக்கு நடுவில் வந்து நின்றால் என்ன செய்வது? அவர்கள் பூவலிங்கத்தின் கடைக்கு வந்து, கண்ணாடிப் பலகைமேல் கையை வைத்து, "அண்ணாச்சி, பாரிக்கு" என்று சொல்வார்கள். அவர் மூன்று நாளைக்கான மாத்திரையை நாளிதழ்த் துண்டில் மடித்துக் கொடுப்பார். விதை போடுவதற்குள் எல்லாம் வந்து முடிந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அவர்கள் சட்டியோடு கோயிலுக்குப் போய்விடுவார்கள்.

பாரிக்கு மட்டுமல்ல, நாத்தனார் கல்யாணத்துக்கு, வீடு பால்காய்ச்சுக்கு, ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாத உப்புப் பாத்தியில் மூட்டை ஏற்றும் வாரத்துக்கு. இருபத்தைந்து வருடமாகப் பூவலிங்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊரில் எந்தப் பெண்ணுக்கு எப்போது நாள் என்பது, பூசாரிக்கு நட்சத்திரம் தெரிகிற மாதிரி அவருக்குத் தெரியும். ஒருத்தியின் நாளை இன்னொருத்தியிடம் சொன்னதில்லை. அதைவிட, யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. "ஒண்ணும் கேக்காத மனுசன்" என்று பெண்கள் அவரைப் புகழ்ந்தார்கள். கொடைக் கமிட்டியும் வருடாவருடம் அவருக்குத் துண்டு போர்த்தியது. கேட்காமல் இருந்தது மரியாதையா, கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயமா என்று ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அவருக்கே சந்தேகம் வந்திருந்தது. ஆனால் அந்தக் கேள்வியையும் அவர் கேட்காமலேயே வைத்திருந்தார்.

முதலில் வந்தவள் உப்பு வாரப் போகும் இசக்கிக்கனி. தலைவலி மாத்திரை கேட்க வந்தவள், படியிலிருந்த ஒரு நண்டு கொடுக்கைத் தூக்கியதும் அப்படியே நின்று, அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது என் ஆவணி மாசம்லா."

"எது?"

"இந்தா, இதுதான். எங்க நாத்தனா கல்யாணத்துக்கு உங்ககிட்ட மாத்திரை வாங்குனேன்லா, அந்த ஆவணி. எம்மா, எப்படி மெலிஞ்சு கிடக்கு பாரு."

அவள் முந்தானையை விரித்தாள். நண்டு தானாக ஏறிக்கொண்டது. பின்னாலேயே இன்னும் ஆறு நண்டுகள் அவளை நோக்கி நகர்ந்தன. "ஏ சவமே, இத்தனையா நான் முழுங்கியிருக்கேன்" என்று தலையில் கைவைத்துச் சிரித்துவிட்டு, அவள் ஏழையும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகாமல் வீட்டுக்கே திரும்பிவிட்டாள்.

மதியத்துக்குள் ஊரே வந்துவிட்டது. பெண்கள் தங்கள் நண்டை அடையாளம் காண ஒரு நொடிக்குமேல் எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் இருநூறு பிள்ளைகளுக்கு நடுவில் தன் பிள்ளையை எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது. தூக்குவாளியிலும் குடத்திலும் எடுத்துப் போனார்கள். வெளியூரில் வாழ்க்கைப்பட்டவளின் நண்டு சாத்தான்குளம் பேருந்தில் ஏறி, கடைசி இருக்கையின் கீழே ஒதுங்கிக்கொண்டது. நடத்துநர் குனிந்து பார்த்துவிட்டு விசிலடித்தார். இறந்துபோனவளின் நண்டு சுடுகாட்டுக்குப் போய், அவளை எரித்த இடத்தில் மூன்று நாள் உட்கார்ந்துவிட்டுக் கடலுக்குப் போனது.

வீட்டுக்குப் போன நண்டுகளும் மூன்று நாள்தான் இருந்தன. மூலையில் சுவரைப் பார்த்தபடி, தின்னாமல், நகராமல். அந்த மூன்று நாளும் அந்தப் பெண்ணுக்கு அடிவயிறு வலிக்கும், இடுப்பு கழன்றுபோகும், காரணமில்லாமல் அழுகை வரும், பிறகு இதுவரை தூங்கியிராத ஒரு தூக்கம் வரும். நான்காம் நாள் காலையில் அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டதும் நண்டு வாசலைத் தாண்டிக் கடலைப் பார்த்துப் போய்விடும். இரண்டு நண்டு உள்ளவளுக்கு ஆறு நாள். இசக்கிக்கனிக்கு இருபத்தொரு நாள். ஏன் இப்படி என்று யாரோ கேட்டதற்கு அவள்தான் விளக்கம் சொன்னாள்: "நாமதான் மாத்திரை போட்டு வரவழைச்சுட்டோம். ஆனா தானா வரவேண்டியது தன் நாள்ல வந்து பாத்திருக்கும்லா? கதவத் தட்டியிருக்கும், ஏற்கெனவே வந்தாச்சு போன்னு சொல்லியிருப்போம். அது பாவம், எங்க போவும்? கடல்ல போய்க் கிடந்திருக்கு." இதைவிட நல்ல விளக்கத்தை ஊரில் யாரும் சொல்லவில்லை. சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்து படிவத்தில் 'நண்டு' என்று எழுதிக்கொண்டு போனார்.

ஆண்கள் சமைத்தார்கள். உப்பு விளைகிற ஊரில் எந்த வீட்டிலும் குழம்பில் உப்பு சரியாக இல்லை. பாத்திகளில் உப்பு வாரப்படாமல் கெட்டிப்பட்டு ஓடுபோல வெடித்தது. கொடைக் கமிட்டித் தலைவர் சிவனணைந்தபெருமாள் கோயில் வாசலில் கூட்டம் போட்டு, நண்டு இருக்கும் வீடு தீட்டு வீடுதானா என்று கேட்க, தீட்டு என்றால் விதை போட ஊரில் ஆளே இருக்காது என்றும், தீட்டில்லை என்றால் அம்மனுக்கு யார் பதில் சொல்வது என்றும் விடியவிடியப் பேசிப்பார்த்துவிட்டு, மறுநாள் அவர் மருந்துக்கடைக்கே வந்து நின்றார்.

"வே பூவலிங்கம், நண்டைச் சீக்கிரம் அனுப்ப ஏதும் மாத்திரை இருக்கா?"

கடையோரம் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் அவர் காது சிவந்துபோனது.

"சிரிக்காதீங்கட்டி. அம்மன் காத்துக்கிட்டு நிக்கா."

"நிக்கட்டும் மாமா," என்றாள் இசக்கிக்கனி. "எங்க மாசத்தையெல்லாம் வாசல்ல நிக்கவச்சோம்லா. அவளும் பொம்பளதான, நிப்பா."

கொடை ஒரு மாதம் தள்ளிப் போடப்பட்டது. அம்மன் கோபிக்கவில்லை என்பதற்கு அடையாளமாக, கோயில் வேம்பிலிருந்து அந்த மாதம் ஓர் இலைகூட உதிரவில்லை என்று பூசாரி சொன்னார். ஊர் நம்பியது.

இவையெல்லாம் நடந்துகொண்டிருக்கையில் பூவலிங்கம் ஒரு காரியம் செய்திருந்தார். முதல் நாள் காலையில், இசக்கிக்கனி வருவதற்கு முன்பே, ஊதுபத்தியைச் சொருகிவிட்டு அவர் திரும்பியபோது, படியைத் தாண்டிக் கடைக்குள் ஒரு நண்டு வந்திருந்தது. மற்றவற்றைப்போல அது சிவப்பாக இல்லை. சாம்பல் வெளுப்பில், இரண்டு மடங்கு பெரிதாக, நடக்கமுடியாமல் நடந்து வந்து அவருடைய செருப்பின்மேல் ஏறி நின்றது. அவர் அதைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார். வயிற்று மடலுக்குக் கீழே கொத்துக்கொத்தாய் முட்டை. சினை நண்டு. அதை எதற்காக ஒரு காலி சலைன் பெட்டிக்குள் வைத்து, பலகைக்கு அடியில் தள்ளி, முன்னால் பழைய அட்டைப்பெட்டிகளை அடுக்கினோம் என்று அப்போது அவருக்குத் தெரியாது. இசக்கிக்கனி 'ஆவணி' என்று சொன்ன நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அவர் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். தை மாதத்தில் தங்கபுஷ்பத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். சித்திரையில் அவளுக்கு முதல் பாரி. கல்யாணமாகி வந்த முதல் வருடம் பாரி எடுக்காத மருமகளைப் பற்றி ஊர் என்னென்ன பேசும் என்று அவருடைய அம்மா நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். புஷ்பத்துக்கோ நாள் தள்ளிப்போயிருந்தது. அவள்தான் பயந்துபோய்க் கேட்டாள், "ஏங்க, உங்க டாக்டர்கிட்ட மாத்திரை இருக்காமே." டாக்டரைக் கேட்காமல் அலமாரியிலிருந்து கடுமையான ஒன்றை அவர் எடுத்து வந்தார். எத்தனை நாள் தள்ளியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. மூன்றாம் நாள் வந்தது. வழக்கத்தைவிட அதிகமாக, வழக்கத்தைவிட வேறு மாதிரியாக வந்தது. குளியலறைக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டு, "இங்க பாருங்களேன், இது இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள். அவர் எட்டிப் பார்த்தார். டாக்டரிடம் நான்கு வருடம் வேலை செய்தவருக்கு என்ன பார்க்கிறோம் என்று தெரிந்தது. "மாத்திரைச் சூடு. அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வாளித் தண்ணீரை ஊற்றினார். அந்த வருடம் புஷ்பத்தின் பாரிதான் எல்லோருடையதையும்விட உயரமாக வளர்ந்தது, ஊரே மெச்சியது. அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தையே உண்டாகவில்லை.

புஷ்பம் தினமும் ஒரு மணிக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். நண்டுகள் வந்த நாளிலிருந்து, தூக்குவாளியைப் பலகைமேல் வைத்துவிட்டுப் படியில் மிச்சமிருக்கும் நண்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். "எனக்கு ஒண்ணும் வரலியா?" என்று ஒருநாள் கேட்டாள். அவளுடைய காலுக்கு அரை அடி தூரத்தில், பலகைக்கு அடியில், பெட்டிக்குள் ஏதோ சுரண்டியது. "நீ ஒரே தடவைதான போட்ட," என்றார் அவர். "அதுக்கெல்லாம் வருமா."

இருபத்தொரு நாள் முடிந்து இசக்கிக்கனி தன் ஏழாவது நண்டையும் வழியனுப்பிவிட்டு வந்த அன்று அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டாள். அவர் தடுப்பதற்குள் குனிந்து பெட்டியை இழுத்தாள். புரட்டிப் பார்த்தாள். அவள் வாயில் எப்போதும் ஒரு கேலி இருக்கும், அன்று இருக்கவில்லை.

"அண்ணாச்சி, இது சும்மா மாசமில்ல. இதுக்குள்ள பிள்ள இருந்திருக்கு."

பிறகு அவள் கேட்டாள், மிகவும் தணிந்து: "பாத்தாத் தெரியலையே, இது யாரோடது?"

அவர் சரிந்த அட்டைப்பெட்டிகளைத் திரும்ப அடுக்கத் தொடங்கினார். அவள் உடனே தன் கையை அதன் முன்னால் நீட்டினாள். நண்டு அசையவில்லை. அவள் சுவரில் சாய்ந்து மூச்சுவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பூவலிங்கத்தால் பார்க்க முடியவில்லை; ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சேதி பரவியதும், ஊரில் அவரிடம் மாத்திரை வாங்கிய ஒவ்வொரு பெண்ணும் தன் மாதங்களை எண்ணத் தொடங்கினாள். நண்டு வந்து போய் உடம்பு லேசாகி, சிரித்துக்கொண்டு திரிந்தவர்கள், இப்போது ஒவ்வொருவராக முக்காடு போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார்கள், கையை நீட்டினார்கள், நண்டு அசையாமலிருக்கக் கண்டு அழுதுகொண்டு போனார்கள், மறுநாள் ஒருவேளை சரியாகக் கை நீட்டவில்லையோ என்று திரும்ப வந்தார்கள். புஷ்பம் மட்டும், ஒரே தடவை போட்டவளுக்கு வராது என்று அவர் சொன்னதை நம்பி, தூக்குவாளியை வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். ராஜகிளி என்ற பெண் ஐந்து முறை வந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஐந்தாவது முறை அவள் நண்டிடம், "என்னுதா இருந்துட்டாக்கூடப் பரவால்ல, வா," என்று சொன்னதைப் பூவலிங்கம் கேட்டார். ஒரு வார்த்தையில் இதை முடிக்க முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு வார்த்தை இருபத்தாறு வருடமாகத் தன் வாயில் இருந்து, பல்லோடு பல்லாக முளைத்துவிட்டதைப் போலவும், அதைப் பிடுங்கினால் தாடையே கூட வந்துவிடும் போலவும் அவர் உணர்ந்தார்.

மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை. காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். புஷ்பம் அடுக்களையில் தரையில் உட்கார்ந்து, ஊறவைத்த வெந்தயத்தை மோரில் கலக்கிக்கொண்டிருந்தாள். தினமும் வெறும் வயிற்றில் அவள் குடிப்பது அது. அவர் பெட்டியை அவள் முன்னால் வைத்து, திறந்து, எல்லாவற்றையும் சொன்னார். சொல்வதற்கு நினைத்ததைவிடக் குறைந்த நேரமே ஆனது.

அவள் நண்டைப் பார்த்தாள். நண்டு அவளைப் பார்த்தது. அவள் கையை நீட்டவில்லை.

"நான் கேட்டேன்லா," என்றாள். "இப்படித்தான் இருக்குமான்னு உங்களக் கூப்பிட்டுக் காட்டிக் கேட்டேன்லா. என்ன சொன்னீய?"

"மாத்திரைச் சூடுன்னு..."

"சூடு." அவள் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தாள். "என் உடம்பு சூட்டு உடம்பு, அதான் பிள்ள தங்க மாட்டேங்குன்னு நான் நினைச்சுக்கிட்டேன். உங்கம்மாவும் அதத்தான் சொல்லிச் சொல்லிச் செத்தா. அன்னையிலருந்து இந்த வெந்தயத்த முழுங்குதேன். இருபத்தாறு வருசம். பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தீய?"

"இருந்தேன்."

"ஒருநாளாவது, போதும்டி, குடிக்காதன்னு சொல்லத் தோணலியா?"

தோன்றியது என்பதுதான் உண்மை. தோன்றிய ஒவ்வொரு காலையிலும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பியிருந்தார்.

அவள் தம்ளரைத் தரையில் வைத்தாள். "இது என்னுதில்ல," என்றாள். "எனக்குத் தெரியாதது எனக்கு எப்படி என்னுதாவும்? தெரிஞ்சவர் நீங்க. சுமந்தவரும் நீங்கதான். கொண்டுபோய் விடுங்க."

அவர் நண்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். நல்ல வெயில். கடல் இரண்டு தெரு தள்ளி, உப்பளத்தைத் தாண்டி இருந்தது. ஏந்திய நேரத்திலிருந்து அவருடைய அடிவயிற்றில் ஒரு வலி தொடங்கியது, இடுப்பு கழன்றது. வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். அவர் கையில் இருப்பதைப் பார்த்தார்கள், பத்தடி பின்னால் வருகிற புஷ்பத்தைப் பார்த்தார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தங்கள் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியதற்காக அவர்கள் முகம் ஒரு நொடி தெளிந்ததையும், அடுத்த நொடியே அந்த முகம் தன்னைப் பார்த்து மூடிக்கொண்டதையும் அவர் பார்த்தார். ராஜகிளி தன் வாசலில் உட்கார்ந்து அழுதாள். இசக்கிக்கனி மட்டும் இறங்கி வந்து, அவரைக் கடந்து, புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். பாதி உப்பளம் வரை வந்து, "இனி நீ போக்கா," என்று நின்றுகொண்டாள்.

கடல் அன்று அலையில்லாமல் கிடந்தது. அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையைத் தாழ்த்தி, விரலைப் பிரித்தார். நண்டு உள்ளங்கையிலேயே நின்று, வயிற்று மடலை விரித்து, ஒருமுறை, இன்னொருமுறை, மூன்றாவது முறை உதறியது. கரும்பொடி போல ஒன்று தண்ணீரில் பரவி, அவர் வயிற்றைச் சுற்றிக் கொஞ்ச நேரம் தயங்கி, பிறகு கலைந்து, ஆழத்தின் பக்கமாக நகர்ந்துபோனது. அவர் அதைப் பார்க்கக் குனிந்தார். அழைக்க ஒரு பெயர் வேண்டும் போலிருந்தது. அவரிடம் இல்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு பெயரை நினைத்துப் பார்க்கக்கூடத் தான் துணியவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

கையிலிருந்த நண்டு இப்போது மற்ற நண்டுகளின் அளவுக்குச் சிறுத்து, அவற்றைப் போலவே சிவந்திருந்தது. அது தண்ணீரில் இறங்கி, பக்கவாட்டில் நீந்தி, மணலில் ஏறி, நேராகப் புஷ்பத்தின் காலடிக்குப் போய் நின்றது.

அவள் குந்தி உட்கார்ந்தாள்.

"சித்திரை," என்றாள். "இது என் சித்திரை மாசம்."

முந்தானையை விரித்தாள். அது ஏறிக்கொண்டது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்தபடி, மெல்ல எழுந்து நின்றாள். பூவலிங்கம் சொட்டச் சொட்டக் கரையேறி அவளைத் தாங்கக் கை நீட்டினார். அவள் ஓர் அடி விலகினாள்.

"மூணு நாளைக்கு எங்கிட்ட வரக்கூடாது," என்றாள். "சோத்த வாசல்ல வச்சிட்டுப் போயிருங்க."

"சரி," என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெண்ணிடம் நாள் கேட்டார்: "நாலாவது நாள்?"

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். உப்பளத்தின் வெள்ளை வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வீடு இருக்கும் திசையைப் பார்த்தாள்.

"அது வரட்டும்," என்றாள். "தானா வரட்டும்."